திப்பு சுல்தான் ஆடிய சதுரங்கம்

அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய வீடு இடிபடப் போகிறது என்றால், அந்தச் செய்தி முதலில் பழைய பேப்பர்க்காரனுக்குத் தெரியும். அடுத்தபடியாக எனக்குத் தெரியும். பேப்பர்க்காரனுக்குத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. அவன் தொழில் அது. எனக்குத் தெரிவதற்குக் காரணம், ‘இவர் கதை எழுதுகிறவர், பழைய சமாசாரமெல்லாம் இவருக்கு அத்துப்படி’ என்று தெருவில் யாரோ கிளப்பிவிட்ட வதந்திதான். கதை எழுதுகிறவனுக்கும் பழைய சமாசாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மூக்கு உடைந்த வெண்கலக் கூஜாவிலிருந்து பூச்சி அரித்த ஓலைச் சுவடி வரையில் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கின்றன.

சென்ற வருஷம் அப்படி வந்து சேர்ந்தது ஒரு சதுரங்கப் பெட்டி. கொண்டு வந்தவர் தெருக்கோடி வீட்டு மாமி. 1963-இல் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளை அமெரிக்காவில். வீட்டை அடுக்குமாடி கட்டுகிறவரிடம் கொடுத்தாகிவிட்டது. ஐந்து அறைச் சாமான்களை இரண்டு அறைக்குள் அடக்க வேண்டும். நாற்காலி, மேஜை, ஊஞ்சல் பலகை எல்லாவற்றுக்கும் வழி செய்துவிட்ட மாமிக்கு இந்த ஒரு பெட்டி மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

“இது திப்பு சுல்தான் ஆடினதுடா. சுத்தமான யானைத் தந்தம். எங்க மாமனாருக்கு ஒரு ஜட்ஜ் துரை குடுத்துட்டுப் போனது. மாமனார் இருந்தவரைக்கும் பூஜை அலமாரியிலே, ராமாயணத்துக்குப் பக்கத்திலேதான் இது இருக்கும். இதை வித்தா ரெண்டு வருஷ மருந்துச் செலவைப் பார்த்துக்கலாம்கிறான் பிள்ளை. எந்தக் காலத்துது, எந்த ஊர்ப்பட்டதுன்னு நீ பார்த்துச் சொல்லு.”

பிள்ளையின் நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவிலிருந்து அவர் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஸ்காட்லாந்தின் மேற்கே லூயிஸ் என்று ஒரு தீவு. அங்கே 1831-இல் கடற்கரை மணலிலிருந்து ஒரு புதையல் கிடைத்தது. வால்ரஸ் என்கிற வடகடல் மிருகத்தின் தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்கள். முட்டைக் கண்ணும் கவலை படிந்த முகமுமாக ராஜாக்கள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வரன் அமையாத தாயாரைப் போல் உட்கார்ந்திருக்கும் ராணிகள். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 82 உருப்படிகளும் எடின்பரோவில் 11 உருப்படிகளும் இருக்கின்றன. ஆனால் கூட்டத்தில் சில காய்களைக் காணவில்லை என்பது வெகு காலமாகத் தெரிந்த விஷயம். எடின்பரோவில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் 1964-இல் ஐந்து பவுன் கொடுத்து ஒரு காயை வாங்கினார். அது என்னவென்று அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. பல வருஷம் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அவருடைய சந்ததியார் அதை எடுத்துப் போய்க் காட்டினார்கள். காணாமல் போன காய்களில் ஒன்று என்று தெரிந்தது. 2019 ஜூலையில் ஏலத்தில் 7,35,000 பவுனுக்குப் போயிற்று.

இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளைதான் வீட்டு இழுப்பறையைப் பற்றி யோசிக்காமல் இருப்பான்?

பெட்டியைத் திறந்தேன். தேக்குப் பெட்டி, தள்ளு மூடி. உள்ளே பதினாறு வெள்ளைக் காய், பதினாறு சிவப்புக் காய். வெள்ளை, பழுத்துப் போன தும்பைப்பூ நிறம். சிவப்பு, ஒரு பக்கம் வெயில் பட்டு வெளிறிச் செம்பருத்தியும் காவியுமாக இரண்டுங்கெட்டான் நிறம். ராஜா நாலு அங்குல உயரம். சிவப்புச் சிப்பாய்களில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. அது மரம், குங்குமச் சிவப்பில் வர்ணம் பூசியிருந்தது.

திப்புவிலிருந்து ஆரம்பிப்பதுதான் மரியாதை. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது 1799 மே 4-ஆம் தேதி. அரண்மனையைக் கொள்ளையிட்டார்கள், பிறகு மிச்சமிருந்ததை முறைப்படி கணக்கெடுத்துப் படைக்குப் பங்கு போட்டார்கள். சிம்மாசனத்தையே துண்டு துண்டாக உடைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெகு நாள் வரையில், தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிய எந்த வாளுக்கும் எந்த வெற்றிலைப் பெட்டிக்கும் ‘திப்புவினுடையது’ என்று சொல்லிக்கொள்ள ஆசை வந்துவிட்டது. ஆனால் திப்பு தமக்கென்று செய்வித்த சாமான்களில் ஒரு முத்திரை உண்டு. வேங்கையின் உடம்பிலுள்ள வரிதான் அது. துப்பாக்கி, வாள், துணி, சிம்மாசனம் எதிலும் அந்த வரியை இழைக்கச் சொல்வார் அவர். மாமியின் காய்களில் வரியும் இல்லை, வேங்கையும் இல்லை. இது ஒன்றே போதாது. அரண்மனையில் வரி போடாத சாமானும் நாலு இருந்திருக்கும்.

பழைய பொருளின் வயதைக் கணிப்பதில் ஒரு சூத்திரம் உண்டு. சுலபமான சூத்திரம்தான், ஆனால் ஆசை அதை மறைத்துவிடும். ஒரு பொருளில் எத்தனை பழைய அம்சம் இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. மிகப் புதிய அம்சம் எது என்று பார்க்க வேண்டும். பொருளின் வயது அந்தப் புதிய அம்சத்தின் வயதைத் தாண்ட முடியாது. தாத்தாவின் ஜாதகக் கட்டில் பேரனின் நட்சத்திரம் எழுதியிருந்தால், எழுதியது பேரன் பிறந்த பிற்பாடுதானே?

பெரிய இடத்துச் சாமான்களும் இந்தச் சூத்திரத்துக்குத் தலை குனிந்திருக்கின்றன. பாரிஸ் தேசிய நூலகத்தில் ஸார்ல்மேன் சக்கரவர்த்தியின் சதுரங்கம் என்று பெயர் பெற்ற தந்தக் காய்கள் இருக்கின்றன. ஸாந்தெனி மடாலயத்துப் பொக்கிஷத்தில் நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் பெயரோடேயே இருந்தவை. ஹாரூன் அல்ரஷீத் அனுப்பிய காணிக்கை என்று கதையும் உண்டு. மிஞ்சியிருப்பவை 16 காய்கள். அவற்றில் யானை இருக்கிறது, நாலு குதிரை பூட்டிய தேர் இருக்கிறது. ரத கஜ துரக பதாதி என்று நம்மவர்கள் வகுத்த நால்வகைச் சேனை இத்தாலியச் சிற்பி கைக்குப் போன பிறகும் கலையாமல் இருப்பதைப் படத்தில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. ஆனால் சக்கரவர்த்திக்குச் சங்கடம் வந்தது காலாளால். அந்தச் சிப்பாயின் தலையில் மூக்கை மறைக்கும் இரும்புப் பட்டை வைத்த தொப்பி. கையில் காற்றாடி போல் கீழே குறுகும் கேடயம். அது 11-ஆம் நூற்றாண்டு நார்மன் படைவீரனின் உடுப்பு. ஸார்ல்மேன் இறந்தது 814-இல். சதுரங்கம் ஐரோப்பாவுக்குள் காலெடுத்து வைத்ததே 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஆகவே காய்கள் தென் இத்தாலியில் ஸலேர்னோ பக்கத்தில் 11-ஆம் நூற்றாண்டு இறுதியில் செய்தவை என்று தீர்ப்பாயிற்று. சக்கரவர்த்தியின் பெயரை ஒரு சாதாரணக் காலாள் வெட்டிவிட்டான்!

மண்ணுக்குள்ளிருந்து வரும் காய்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1977-இல் ஸமர்கந்துப் பக்கம் அஃப்ராசியாபில் ஏழு தந்தக் காய்களைத் தோண்டி எடுத்தார்கள். உலகத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சதுரங்கக் காய்களில் அவை சேர்த்தி. அதே மண் அடுக்கில் 761-ஆம் வருஷத்து நாணயம் ஒன்றும் அகப்பட்டதால் 8-ஆம் நூற்றாண்டு என்று துணிந்து சொல்ல முடிந்தது. பூஜை அலமாரியில் இருந்த காய்களுக்கு மண் அடுக்கும் இல்லை, நாணயமும் இல்லை. மாமனார் சொன்ன வார்த்தை ஒன்றுதான் உண்டு.

சரி, திப்பு காலத்தில் இந்தியாவில் செய்த காய்கள் எப்படி இருந்தன? இரண்டு வம்சம் உண்டு. நம்மவர்கள் நிஜமாக உட்கார்ந்து ஆடுவதற்குச் செய்தவை பெரும்பாலும் கடைசல் வேலை. குமிழும் மொட்டுமாக இருக்கும். கண் மூக்கு கிடையாது. முஸ்லிம் அரசவைகளில் உருவங்களைத் தவிர்க்கும் வழக்கம் இந்த அமைப்புக்கு ஒரு காரணம். ராஜாவுக்கும் மந்திரிக்கும் உருவம் ஒன்றே, உயரத்தில்தான் வித்தியாசம். வெள்ளைக்காரர்களுக்கென்று செய்தவை வேறு ஜாதி. வங்காளத்தில் முர்ஷிதாபாத்தும் பெர்ஹாம்பூரும் இந்த வேலைக்குப் பேர் போனவை. ஒரு பக்கம் கும்பெனிப் பட்டாளம், எதிர்ப் பக்கம் சுதேச ராஜாவின் சேனை. அம்பாரி வைத்த யானை மேல் ராஜா, ஒட்டகத்தின் மேல் வீரன், துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள். கும்பெனியின் செல்லப் பெயரை ஒட்டி ‘ஜான் கம்பெனி’ காய்கள் என்று சேகரிக்கிறவர்கள் சொல்வார்கள். இவற்றுக்கும் வயது காட்டுவது உடுப்புத்தான். சிப்பாயின் தொப்பி மாறினால் காயின் தேதியும் மாறும்.

விசாகப்பட்டினம் இன்னொரு கேந்திரம். அது அந்த நாளில் நம் சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். அவ்வூர்க் கம்மாளர்கள் கருங்காலியில் தந்தம் இழைத்த நாற்காலி மேஜைகளை 18-ஆம் நூற்றாண்டில் துரைமார்களுக்குச் செய்து கொடுத்துப் புகழ் பெற்றவர்கள். பிற்பாடு சந்தனப் பெட்டியின் மேல் தந்தமும் மான் கொம்பும் எருமைக் கொம்பும் ஒட்டி, தந்தத்தில் கோடு கீறி அரக்குக் கருப்பை நிரப்பிச் சித்திரம் தீட்டினார்கள். மடித்தால் பெட்டி, விரித்தால் சதுரங்கப் பலகை என்று அவர்கள் செய்த சாமான்களை மியூசியங்களில் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட அலங்காரக் காய்கள் நிறையப் பிழைத்திருப்பதற்கு ஒரு காரணம், அவற்றை வைத்து யாரும் ஆடவில்லை என்பதுதான். ஆடிய காய் தேயும், உடையும், தொலையும். பீரோவில் பார்க்க வைத்த காய் முந்நூறு வருஷம் இருக்கும். மியூசியத்தைப் பார்த்துவிட்டுப் பழங்காலத்து மனிதர்கள் எல்லோரும் அம்பாரி யானையை வைத்துத்தான் சதுரங்கம் ஆடினார்கள் என்று முடிவு கட்டினால், நகைக்கடை ஜன்னலைப் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பெண்கள் தினம் ஒட்டியாணம் கட்டிக்கொண்டு சமைக்கிறார்கள் என்று எழுதுவதற்குச் சமானம்.

மாமியின் காய்கள் இந்த இரண்டு வம்சத்திலும் சேரவில்லை. முதலில் கண்ணில் பட்டது ராஜாவுக்குப் பக்கத்துக் காய். தலையில் பல் பல்லாக வெட்டிய கிரீடம். இது ராணி. நம் நாட்டு ஆட்டத்தில் ராணி ஏது? மந்திரிதான். பாரசீகத்துக்குப் போய், அரபு தேசம் சுற்றி, ஐரோப்பாவில் கரை ஏறிய பிறகே மந்திரி புடவை கட்டிக்கொண்டார். 15-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அங்கே ராணிக்குப் பலகை முழுவதும் ஓடும் பலமும் வந்துவிட்டது. நம்முடைய ஆட்டமும் அவர்களுடைய ஆட்டமும் எவ்வளவு விலகிப் போய்விட்டன என்பதற்கு ஒரு தென்னாட்டுப் பண்டிதரே சாட்சி. திருவேங்கடாசாரிய சாஸ்திரி சமஸ்கிருதத்தில் எழுதிய சதுரங்க நூல், ஐரோப்பிய முறைக்கு ஏற்பத் திருத்தப்பட்டது என்ற அறிவிப்போடு 1814-இல் பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. திருத்தாமல் கொடுத்தால் துரைமார்களுக்குப் புரியாது! நூறு வருஷத்துக்குப் பிறகும் நிலைமை அதுதான். இந்திய முறையில் ஆடப் பழகிய மீர் சுல்தான் கான், ஐரோப்பிய விதிகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டு போய் 1929, 1932, 1933 ஆகிய மூன்று வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். கிராண்ட்மாஸ்டர் என்ற கௌரவத்தை உலகச் சதுரங்க சங்கம் அவருக்கு 2024-இல்தான் அளித்தது. அவர் இறந்தது 1966-இல்.

ஆக, திப்பு இந்த ராணியை வைத்து ஆடியிருக்க மாட்டார். வெள்ளைக்காரனின் பெட்டி அவரிடம் இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நானும் மாமிக்காக அப்படித்தான் வாதாடிப் பார்த்தேன். குதிரை அந்த வாதத்தை உதைத்துவிட்டது.

இன்றைக்கு உலகம் முழுவதும் பந்தயங்களில் ஆடுகிற காய்களின் அமைப்புக்கு ‘ஸ்டான்டன்’ என்று பெயர். மகாபலிபுரத்தில் 2022-இல் ஒலிம்பியாட் நடந்தபோது நாம் பார்த்ததும், 2024-இல் நம் சென்னைப் பையன் குகேஷ் ஸிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றபோது கை வைத்ததும் அந்த அமைப்பைத்தான். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு தினுசு, பிரான்ஸில் ஒரு தினுசு, ஜெர்மனியில் ஒரு தினுசு. ஊர் விட்டு ஊர் போய் ஆடினவனுக்கு எது மந்திரி, எது ராணி என்று தெரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். 1849 மார்ச் 1-ஆம் தேதி நத்தானியல் குக் என்பவர் ஒரு புது அமைப்பை லண்டனில் பதிவு செய்தார். ஜேக்ஸ் கம்பெனி அதே வருஷம் செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரரும் பத்திரிகையில் சதுரங்கப் பகுதி எழுதிவந்தவருமான ஹவர்ட் ஸ்டான்டன் தம் பெயரைக் கொடுத்தார். சினிமா நட்சத்திரம் சோப்புக்குப் பெயர் கொடுப்பது போலத்தான். அகலமான அடி, கையில் பிடிக்க வாகான இடை, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் தலை. குதிரை முகத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி கிரேக்கப் பார்த்தினான் கோயில் சிற்பம். எல்ஜின் பிரபு பெயர்த்து வந்து, 1816-லிருந்து பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறதே, அந்தக் குதிரை. திறந்த வாய், விடைத்த நாசி, வளைந்த பிடரி.

மாமியின் நாலு குதிரைகளும் அதே கிரேக்கக் குதிரையின் ஏழைப் பேரன்கள். பிடரியில் ஐந்தாறு கீறல்தான் இருந்தது. ஆனால் வளைவு அந்த வளைவுதான், சந்தேகத்துக்கு இடமில்லை. 1849-க்கு முன்னால் இந்தக் குதிரை பிறந்திருக்க முடியாது. திப்பு காலமாகி ஐம்பது வருஷம்.

ஜேக்ஸ் கம்பெனியின் அசல் சரக்காகவாவது இருக்குமா என்று பார்த்தேன். அசலில் ராஜாவின் அடி விளிம்பில் கம்பெனிப் பெயர் குத்தியிருக்கும். ராஜா பக்கத்து யானைக்கும் குதிரைக்கும் சின்னக் கிரீட முத்திரை இருக்கும். ஒன்றையும் காணோம். முத்திரை இருந்தால்கூட உடனே குதித்துவிடக் கூடாது. அமிர்தசரஸில் இன்று சதுரங்கக் காய் கடைவதும் செதுக்குவதும் பெரிய தொழில். பழைய லண்டன் காய்களுக்கு அச்சு அசலாக நகல் செய்து கடல் கடந்து அனுப்புகிறார்கள். குதிரை ஒன்றைச் செதுக்குகிறவன் அதற்கென்றே பழகினவன். பெட்டியின் விலையில் பெரும் பங்கு அவன் கைக்குத்தான். நகலுக்குச் சாயமேற்றிப் பழசாக்குகிறவர்களும் உண்டு. அவர்களைக் காட்டிக் கொடுப்பது தேய்மானம். நிஜமாக ஆடிய காய், விரல் படுகிற இடத்தில் தேயும்; குதிரையின் காது, ராணியின் கிரீடப் பல், ராஜாவின் உச்சி. பொய்த் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். மாமியின் காய்களில் தேய்மானம் நிஜம். சிவப்பு ராணிக்கு இரண்டு பல் போயிருந்தது.

பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு காகிதச் சீட்டு, முக்கால்வாசி கரையான் சாப்பிட்டது. கடையின் பெயர் போய்விட்டது. மிச்சமிருந்தது ‘...ட் ரோட், மதராஸ்’ என்பதும், அதன் கீழ் ‘டெலிபோன்’ என்ற வார்த்தையும். எல்லாம் ஆங்கில எழுத்து. நம்பரும் கரையான் வயிற்றில். சென்னையில் டெலிபோன் மணி அடிக்க ஆரம்பித்தது 1880-களில். கடைக்காரன் தன் சீட்டில் டெலிபோன் நம்பர் அச்சடிக்கிற அளவுக்கு வாடிக்கைக்காரர்கள் வீட்டிலும் டெலிபோன் வந்திருக்க வேண்டும் என்றால், இன்னும் இருபது முப்பது வருஷம் தள்ளிப் போட வேண்டியதுதான். பெட்டியும் காய்களும் ஒன்றுக்கொன்று அளவாகப் பொருந்துகின்றன. மவுண்ட் ரோடு கடையில் யாரோ ரூபாயை எண்ணி வைத்து வாங்கிய புதுச் சரக்கு அது. வாங்கியவர் ஜட்ஜ் துரையாக இருக்கலாம். மாமனாராகவே இருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

இவ்வளவும் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமும் இல்லை. திப்பு போனால் போகிறார். காய் தந்தம் என்றால் மாமிக்குப் பெருமை மிஞ்சும். ஆனால் அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். 1986-இல் இந்திய யானைத் தந்த வியாபாரத்தைத் தடுத்தார்கள். 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்துக் கதவை முழுக்கச் சாத்தினார்கள். வீட்டில் வைத்திருப்பவர்கள் கணக்குக் கொடுக்கும்படி 2003-இல் விதி செய்து ஆறு மாதத் தவணையும் கொடுத்தார்கள். பதிவு செய்த தந்தம் வாரிசுக்குப் போகலாம், விற்க முடியாது. பதிவு செய்யாமல் பூஜை அலமாரியில் ராமாயணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தால்? அந்த வயதில் மாமியை வன இலாகாவுக்கு அலைய விட எனக்கு மனசில்லை.

ஆகவே, அறுபது வருஷமாக மாமி தந்தம் தந்தம் என்று சொல்லி வந்த காய்கள் தந்தமாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

தந்தத்தை அறிய ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார் என்று சொல்வார்கள். தயவு செய்து அந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள். 1870-ஐ ஒட்டி அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தத்துக்குப் பதிலாகக் கண்டுபிடித்த செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொண்டு எரியும். கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். தந்தத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்து வரும் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கோலத்துக்கு இழுத்த சிக்குக் கோடு போல் தெரியும். 1800-இல் ஷ்ரேகர் என்ற ஜெர்மானிய வைத்தியர் எழுதி வைத்த அடையாளம் இது. எலும்பில் அந்தக் கோடு கிடையாது. அதற்குப் பதில், ரத்தம் ஓடிய நுண் குழாய்களின் தடம். குறுக்கு வெட்டில் கரும் புள்ளிகளாகவும் நீள வாக்கில் சின்னச் சின்னக் கோடுகளாகவும் இருக்கும்.

வெள்ளை ராஜாவின் இடையில், நல்ல வெளிச்சத்தில், முள்ளங்கியில் மண் ஒட்டிய மாதிரி குட்டிக் குட்டிக் கருங்கோடுகள். நெஞ்சில் ஒரு பாரம் இறங்கிற்று. அடியில் ஒட்டியிருந்த பச்சைக் கம்பளி வட்டம் ஏற்கெனவே பாதி பிரிந்திருந்தது. அதை நகத்தால் தூக்கினேன். நடுவில் வட்டமாக ஓர் அடைப்பு. எலும்பு என்பது குழாய்; மஜ்ஜை இருந்த இடம் ஓட்டை. அகலமான காய் கடையும்போது அந்த ஓட்டைக்கு ஒரு தக்கை வைத்து அடைத்துத்தான் தீர வேண்டும். தந்தத்தில் கடைந்தவனுக்கு அந்த அவசியம் இல்லை. இனிச் சந்தேகம் என்ன? எலும்பு.

நெஞ்சில் பாரம் இறங்கின சந்தோஷத்தில் எழுந்து மாமி வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில், முனிசிபல் பள்ளிக்கூடத்துக்கு எதிரில், கால் நின்றுவிட்டது.

எலும்பு என்றால் எதன் எலும்பு? கடைசல் பட்டறைக்கு மலிவாகக் கிடைத்தது எது? மாட்டின் முழங்கால் எலும்பு. அதை நாலு தலைமுறை ஆசாரம் பிசகாத ஒரு வீட்டில், ஸ்நானம் பண்ணிவிட்டுத்தான் தொட வேண்டிய அலமாரியில், ராமாயணத்துக்குப் பக்கத்தில்... யானைத் தந்தத்துக்குத் தீட்டு இல்லை. தந்தப் பல்லக்கில் சுவாமியே வருவார். எலும்பு அப்படியா? சட்டத்திலிருந்து மாமியைக் காப்பாற்றிக் கொண்டுபோய் சாஸ்திரத்தில் மாட்டி வைக்கப் பார்த்தேனே!

ஒன்றும் சொல்லாமல் ‘தெரியவில்லை மாமி’ என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் பிள்ளை அதைத் தந்தம் என்றே சொல்லி யாருக்காவது காட்டுவார், வேண்டாத வினை. பொய்யை எழுதிப் பிழைக்கிறவன்தான் நான். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவர்களுக்கு அது பொய் என்று தெரியும், மாமிக்குத் தெரியாது.

சொன்னேன். திப்புவை முதலில் சொன்னேன், குதிரையைச் சொன்னேன், டெலிபோனைச் சொன்னேன். மாமி கலங்கவில்லை. “மாமனார் பொய் சொல்றவர் இல்லை. அவருக்கு யாரோ சொல்லியிருப்பா” என்றார். பிறகு எலும்பைச் சொன்னேன். மாமியின் கை பெட்டியின் மேலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

“எதோட எலும்பு?”

“மாடாத்தான் இருக்கும் மாமி.” சற்றுப் பொறுத்து, உண்மைக்கு விரோதமில்லாத ஒரு வார்த்தையையும் சேர்த்தேன். “வடக்கே ஒட்டக எலும்பிலேயும் இந்த வேலை செய்யறது உண்டு.”

மாமி கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒட்டகமாவே இருக்கட்டும்” என்றார்.

அப்புறம் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, அந்த மரச் சிப்பாயை மட்டும் எடுத்தார். “இது மரந்தானே?” என்று கேட்டார். மரந்தான் என்றேன். வேப்ப மரமாம். பிள்ளை குழந்தையாக இருந்தபோது ஒரு சிவப்புச் சிப்பாயைக் கிணற்றில் போட்டுவிட்டதாம். 1968-இல் மாடி அறை கட்டிக்கொண்டிருந்த ஆசாரி, மிச்சக் கட்டையிலிருந்து சாப்பாட்டு வேளையில் இதைச் செதுக்கிக் கொடுத்தாராம். வர்ணம் பூசியது மாமி. மாமனார் அன்று ராத்திரி அதை வைத்து ஆடிவிட்டு, ‘மற்ற ஏழையும்விட இதுதான் முன்னேறிப் போகிறது’ என்று சொன்னாராம்.

பெட்டியை மாமி எனக்கே கொடுத்துவிட்டார். விலை கேட்டதற்குக் காதில் விழாதவர் போல் இருந்துவிட்டார். இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. சில ராத்திரிகளில் எதிர் வீட்டுப் பையனோடு ஆடுகிறேன், அவன்தான் ஜெயிக்கிறான். எட்டாவது சிவப்புச் சிப்பாய்க்கு ஒரு சோடா மூடியை வைத்திருக்கிறோம்.